புரோலக்டின் 68, மாதவிடாய் இல்லை: புதுக்குடியிருப்புத் தங்கச்சிக்கு

ஐந்து மாதமாய் மாதவிடாய் இல்லை, பால் சுரக்கவைக்கிற ஓமோனான புரோலக்டின் கூடி மில்லிலீற்றருக்கு 68 நனோகிராம், முட்டையை முதிரவைக்கிற ஓமோன்களான எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டும் குறைவு, இவற்றை விடுற, மூளைக்கு அடியில இருக்கிற கபச்சுரப்பி பழுதோ என்று கேட்டிருக்கிறீங்கள். இதை வைத்துப் பழுதென்று சொல்ல ஏலாது. புரோலக்டின் கூடினால் மூளையில் கிஸ்பெப்டின் என்ற சமிக்ஞைப் பொருள் அடங்கும், கபச்சுரப்பியைத் தூண்டுற ஜி.என்.ஆர்.எச். என்ற ஓமோன் விட்டுவிட்டுச் சுரப்பது குறையும். அது வராமல் கபச்சுரப்பி எல்.எச்., எப்.எஸ்.எச். இரண்டையும் போதியளவு விடாது. முட்டை முதிராது, ஈஸ்ட்ரஜன் இறங்கும், மாதவிடாய் நிற்கும்.

எனக்கு உறுத்துறது நீங்கள் கடைசியில் போறபோக்கில் எழுதின டொம்பெரிடோன். வயிற்றுப் பொருமலுக்கென்று மூன்று வேளையும் போடுற அந்தக் குளிசை டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். புரோலக்டினுக்குக் கடிவாளமே டோபமின்தான். வைத்தியரைக் கேட்டு நிறுத்தி, குறைந்தது மூன்று நாள் கழித்துத் திரும்ப இரத்தம் குடுங்கோ. விடிய பஸ்ஸில இடிபட்டுக் கிளிநொச்சியில இறங்கின கையோட குடுக்க வேண்டாம். அரை மணித்தியாலம் ஆறியிருங்கோ, களைப்பும் பதற்றமும் அளவைக் கூட்டும்.

முதலில் கர்ப்பப் பரிசோதனையும் டி.எஸ்.எச். என்ற தைரொயிட் பரிசோதனையும் கட்டாயம், தைரொயிட் குறைந்தாலும் புரோலக்டின் ஏறும். பிறகும் இறங்காவிட்டால்தான் எம்.ஆர்.ஐ. புரோலக்டினைக் குறைக்கிற கபெர்கோலின் குளிசையை நீங்களாகவே பாமசியில வாங்கிப் போடாதேங்கோ. தலையிடியோட பக்கப் பார்வை மங்கினால் மட்டும் இதெல்லாம் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.