கொண்டை ஊசி

அன்புள்ள அக்கா,
எங்கள் கல்லூரி மகளிர் தின விழாவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டன் பெண்கள் ஆலைக்கும் போலீசுக்கும் வந்ததைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். 'போர் தந்த விடுதலை' என்று தலைப்பு வைத்தேன். சரியா? முதல் பெண் போலீஸ் யார் என்றும் சொல்லுங்கள்.
எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்தத் தலைப்பை அழித்துவிடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். ஆண்களைப் போர்முனைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், குண்டுக்கு வெடிமருந்து அடைக்க ஆளில்லை, பெண்களைக் கூப்பிட்டார்கள். போர் முடிந்ததும் 1919-ல் ஒரு சட்டம் போட்டு அவர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1918-ல் வந்த வாக்குரிமையும் முப்பது வயதுக்கு மேல், அதிலும் சொத்துத் தகுதி இருந்தவர்களுக்குத்தான். மருந்து அடைத்த இளம்பெண்கள் 1928 வரை காத்திருந்தார்கள். இதில் யார் யாருக்கு என்ன தந்தார்கள்?

டி.என்.டி. என்கிற வெடிமருந்து பட்டுத் தோலும் முடியும் மஞ்சளாகி, ஊரார் 'கனரிக் குருவிகள்' என்று கூப்பிட்ட பெண்கள் அவர்கள். சிலருக்குப் பிறந்த குழந்தைகளும் மஞ்சளாக இருந்தன. லீட்ஸ் பக்கம் பார்ன்போ ஆலையில் 1916 டிசம்பர் 5 இரவு ஷிப்டில் குண்டு வெடித்து 35 பெண்கள் செத்தார்கள், பத்திரிகையில் செய்தி வரவிடவில்லை. விடுதலை என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சமாவது நடுங்க வேண்டாமா?

பிரிட்டனில் கைது அதிகாரத்தோடு வந்த முதல் பெண் போலீஸ் ஈடித் ஸ்மித், 1915, இங்கிலாந்தின் கிரான்தம் நகரம். அது எங்கும் கிடைக்கிற தகவல். அதற்கு முன்னால் அதே ஊரில் நடந்ததைப் படியுங்கள். பக்கத்தில் ராணுவ முகாம். இரவில் பெண்கள் வெளியே வரக்கூடாது என்று ராணுவ அதிகாரி உத்தரவு போட்டார். வீடு வீடாகப் போய்ப் பெண்கள் உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை அப்போது புதிதாக வந்திருந்த பெண் போலீஸ் தொண்டர் படையின் தலையில் விழுந்தது. பெண்களை அடைத்துவைக்கவா பெண் போலீஸ் கேட்டோம் என்று அந்தப் படையைத் தொடங்கியவர்களில் ஒருவரான நினா பாயில் சண்டை போட்டார். அவரோடு சேர்ந்து படையை நடத்திய மார்கரெட் டேமர் டாசன் கேட்கவில்லை. படையில் பெரும்பாலோர் டாசன் பக்கமே நிற்க, இருவரும் பிரிந்தார்கள்.

1916-லிருந்து டாசனின் பெண் போலீசை வெடிமருந்து ஆலைகளின் வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே போகிற பெண்ணைத் தடவிப் பார்த்துத் தீப்பெட்டி, சிகரெட், இரும்புக் கொண்டை ஊசி இருந்தால் பிடுங்கிவைக்க வேண்டும். பல போலீஸ்காரிகள் வசதியான வீட்டுப் பெண்கள், வரிசையில் நின்றவர்கள் கூலிக்கு வந்தவர்கள். நான் பல நாளாக அந்த வாசலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். சோதனை தேவைதான், ஒரு பொறி போதும் எல்லோரும் போய்விட. ஆனால் 'பெண்கள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் அந்த வாசல் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

என் பெரியம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பயராபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்த்தாள். சாப்பிடும்போது அவள் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்கும், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வாசலில் சோதனை போடுகிற அம்மாவும் எங்கள் தெருதான். தினமும் பெரியம்மாவின் கொண்டை ஊசியையும் ரவிக்கை ஊக்கையும் கழற்றி வாங்கி ஒரு டப்பா மூடியில் போட்டுவைத்து, சாயங்காலம் எண்ணிக் கொடுப்பாள். அதில் பெரியம்மாவுக்கு வருத்தமே கிடையாது. 'போர்மேன் சட்டைப்பையில பீடிக்கட்டு இருக்கு, அவர இவ தொட்டுப் பாக்க முடியுமா?' என்று மட்டும் கேட்பாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. அந்தம்மாவிடமும் ஒருநாள் நேரே கேட்டிருக்கிறாள். அவள் பதில் சொல்லாமல் ஊக்கை எடுத்துத் தானே ரவிக்கையில் குத்திவிட்டாளாம்.

பேச்சை எழுதியதும் அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.