த்ரீடி ஸ்கேன் இருக்கட்டும், சிலையின் முதுகைப் படமெடுத்தீர்களா?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் 100 வருடத்துக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகள் ஐந்து உள்ளன. ஒருவர் வந்து, “த்ரீடி ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் அரசுப் பதிவே வேண்டாம்” என்று 80,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கும்பகோணம் அருகில்

பதில்: கொடுக்காதீர்கள். 100 ஆண்டு கடந்த உலோகச் சிலையை வைத்திருப்பவர், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்தில் எத்தனை ஸ்கேன் கிடந்தாலும் அது பதிவாகாது. “பதிந்தால் கவர்மென்ட் தூக்கிக்கொண்டு போய்விடும்” என்று அடுத்து பயமுறுத்துவார். பதிவதால் மட்டும் உடைமை கைமாறாது. எந்த அலுவலகம், யார் அதிகாரி என்று விசாரிப்பதற்குள் செருப்பு தேய்ந்துவிடும் என்பது வேறு கதை. இவ்வளவு முக்கியமான வேலைக்கு ஊரறிய ஓர் அறிவிப்புப் பலகை வைக்கக்கூட நம் துறைகளுக்கு நேரமில்லை. தரகர்கள் பிழைப்பது அதனால்தான்.

உங்களுக்கு இப்போது தேவை நல்ல புகைப்படம். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014-ல் சிலை திரும்பி வந்தது. நம்மூர்ச் சிலைதான் என்று காட்டிக்கொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய படம். விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் விஷயத்திலும் அப்படியே.

ஆகவே நாலு பக்கமும் எடுங்கள். முதுகு, பீடத்தின் அடிப்பக்கம், எழுத்து இருந்தால் அது, உடைந்த விரல், வார்ப்பில் விழுந்த குழி எல்லாம் வேண்டும். போலி செய்பவர் முகத்தை அச்சாக வார்த்துவிடுவார், முதுகுக் குழியை மறந்துவிடுவார். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். உயரம், எடை குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், மூலக் கோப்பையே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். எடுக்கும்முன் போனில் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சிலை எந்த வீட்டில் இருக்கிறது என்பதும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும்.

த்ரீடி ஆசை இருந்தால் போனிலேயே செய்யலாம். சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு படமும் முந்தையதில் முக்கால்வாசியாவது சேர்ந்து வரும்படி எடுத்து, இலவச மென்பொருளில் போட்டால் உருவம் வரும். கல்லுக்கு நன்றாகவே வரும். செம்பில்தான் சிக்கல். பளபளப்பு, நாம் நகர நகரத் தானும் நகரும். மென்பொருள் அதைச் சிலையின் ஒரு பாகம் என்று நம்பி மூக்கைக் கோணலாக்கிவிடும். அதற்காகச் சிலர் பவுடர் அடிப்பார்கள், ஸ்பிரே அடிப்பார்கள். அடிக்க விடாதீர்கள். புளி போட்டுத் துலக்கவே கூடாது, நூறு வருடமாகச் செம்பின்மேல் படிந்த பாசிப் பச்சை ஒரே காலையில் போய்விடும். வெயில் நேரடியாக விழாத திண்ணையில், காலையில் எடுங்கள், போதும்.

அந்த ஆள் மறுபடி வந்தால் வாசலிலேயே பேசி அனுப்புங்கள். “சும்மா ஒரு சாம்பிள் படம்” என்றாலும் சிலைகளைக் காட்ட வேண்டாம்.