ஆகஸ்டு வெயிலில் என்சாண்டட் ராக் ஏறலாமா?

கேள்வி: ஆகஸ்டில் டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகருக்குச் செல்கிறோம். அங்கிருந்து ஒரு நாள் பயணமாக என்சாண்டட் ராக் குன்றில் ஏற விரும்புகிறோம். 9 வயது மகனும், மூட்டுவலி உள்ள 66 வயது அம்மாவும் உடன் வருகிறார்கள். எந்த நேரத்தில் ஏறலாம்? பாறை வழுக்குமா?

பதில்: தாராளமாக ஏறலாம், ஆனால் காலையில் வாயில் திறந்தவுடன் ஏறத் தொடங்கி, வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். ஆஸ்டினிலிருந்து ஏறக்குறைய 2 மணி நேரப் பயணம் என்பதால், முந்தைய இரவை அருகிலுள்ள ஃப்ரெடரிக்ஸ்பர்க் நகரில் கழிப்பது நல்லது.

குன்று சுற்றுப்புறத் தரையிலிருந்து 425 அடி உயரம்தான். உச்சிக்குச் செல்லும் பாதையும் 0.8 மைல்தான். இந்தக் கணக்கை நம்பி நண்பகலில் புறப்படுபவர்கள்தாம் பாதிவழியில் திணறுகிறார்கள். ஏறும் வழியில் ஒதுங்க நிழல் கிடையாது, குடிநீரும் கிடையாது. கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்கள் அங்கே சாதாரணம். பாறையும் சூடேறிவிடுவதால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் அனல் அடிக்கும். பகலில் வாங்கிய வெப்பத்தைப் பாறை எளிதில் விடாது என்பதால், மாலையைவிடக் காலையையே நான் பரிந்துரைப்பேன். (இரவில் குளிர்ந்து சுருங்கும்போது பாறை முனகுவதுபோல் ஒலி எழுப்புவதுண்டு, குன்றைப் பற்றிய ஆவிக் கதைகளுக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்.)

வழுக்குமா என்பதற்கு, பாறை உருவான விதத்திலேயே பதில் இருக்கிறது. சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து, பெரிய படிகங்கள் கொண்ட இளஞ்சிவப்பு கிரானைட்டாக இறுகியது. மேலே மூடியிருந்த அடுக்குகள் அரிக்கப்பட்டு அழுத்தம் குறைந்தபோது, பாறை விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக வெடிப்பு விட்டு, வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரியத் தொடங்கியது; அது இன்றும் தொடர்கிறது. குன்று வழவழப்பாக உருண்டு தெரிந்தாலும், படிகங்களின் சொரசொரப்பால் உலர்ந்த பாறையில் ரப்பர் அடிப்பகுதி கொண்ட காலணி நன்றாகப் பிடிக்கும். கவனம் தேவைப்படுவது மூன்று இடங்களில்: ஈரமான பாசிப்படலம், உதிர்ந்து கிடக்கும் சரளை மணல், உரிந்து சரிவில் தங்கியிருக்கும் பலகைக் கற்கள். அந்தக் கற்களின் விளிம்பில் மகனை ஏற விடாதீர்கள். இடியோசை கேட்டால், உச்சி எட்டும் தூரத்தில் இருந்தாலும் உடனே இறங்கிவிடுங்கள். வெட்டவெளியான அந்த உச்சியில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை.

மகனுக்குக் காட்ட வேண்டியவை, பாறைப் பரப்பில் ஆங்காங்கே இருக்கும் ஆழமற்ற குழிகள். மழைநீர் தேங்கும் காலத்தில் அவற்றில் கண்ணாடிபோன்ற சின்னஞ்சிறு இறால்கள் நீந்தும். ஆகஸ்டில் பெரும்பாலும் காய்ந்த மண்படலம்தான் இருக்கும். ஆனால் அவற்றின் முட்டைகள் அந்த மண்ணுக்குள்தான் உயிரோடு அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன. காலியாகத்தானே இருக்கிறது என்று மிதித்துவிடக் கூடாது. குழி ஈரமாக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. உச்சிக்கு அருகிலுள்ள குகைக்குள் இருட்டில் தவழ்ந்து நுழைய வேண்டியிருக்கும்; சிறுவனுடன் செல்லும் இந்த முறை அதை விட்டுவிடுங்கள்.

அம்மா உச்சிவரை வருவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஏறுவதைவிட, அந்த நீண்ட சரிவில் இறங்குவதுதான் மூட்டை வருத்தும். குன்றைச் சுற்றிச் செல்லும் 4.6 மைல் பாதையில் காலைக் குளிர்ச்சியில் சிறிது தூரம் நடந்து, களைத்ததும் திரும்பிவிடலாம். அடிவாரத்திலிருந்து பார்த்தாலே குன்றின் முழு வடிவமும் கண்ணுக்குக் கிடைக்கும். ஒருவர் அவருடன் தங்கி, மற்றவர் மகனை மேலே அழைத்துச் செல்வதே சரியான ஏற்பாடு.

நுழைவுச் சீட்டை மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். வார இறுதிகளில் இடம் நிரம்பியதும் வாயிலை மூடிவிடுவார்கள் என்பதால், முடிந்தால் வார நாளாகவே தேர்ந்தெடுங்கள்.