கேள்வி – பதில்: கதையா, முறையீடா?

கே: பாரசீகக் கவிஞர் ரூமியை மொழிபெயர்த்த நிக்கல்சனைப் பெரிய பாரசீக அறிஞர் என்கிறார்கள். ஒரு மொழிபெயர்ப்புக்கா இவ்வளவு பேர்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ப: மொழிபெயர்ப்பு அவர் வேலையில் ஒரு பங்குதான். கேம்பிரிட்ஜில் எட்வர்டு பிரவுனிடம் படித்த ரெனால்டு நிக்கல்சன் (1868–1945), ரூமியின் நெடுங்கவிதையான மஸ்னவியை 1925 முதல் 1940 வரை எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். மூலம் மூன்று, மொழிபெயர்ப்பு மூன்று, உரை இரண்டு. ரூமியின் மூலக் கவிதை ஆறு புத்தகங்கள், சுமார் 25,000 ஈரடிகள். இதில் முதுகை ஒடிப்பது மூலத்தை நிலைநிறுத்துவது. உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தாரே, அதே பாடுதான்.

முதல் ஈரடியையே பாருங்கள். பரவலான பாடம்: ‘குழல் கதை சொல்வதைக் கேள், பிரிவுகளை முறையிடுகிறது.’ ரூமி 1273இல் மறைந்தார், ஐந்தே வருடத்தில், ஹிஜ்ரி 677இல், எழுதிய, துருக்கியின் கோன்யா நகரத்துப் பிரதியிலோ: ‘இந்தக் குழல் முறையிடுவதைக் கேள், பிரிவுகளின் கதையைச் சொல்கிறது.’ ஹிகாயத் என்றால் கதை, ஷிகாயத் என்றால் முறையீடு. எழுத்தில் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. இரண்டும் இடம் மாறியதில் கவிதையின் தொடக்கமே மாறிவிட்டது. கோன்யா பிரதி நிக்கல்சன் கைக்கு வந்தபோது அவர் மூன்றாம் புத்தகத்தின் நடுவில் இருந்தார். முதல் இரண்டும் அச்சேறிவிட்டன. அவற்றுக்குத் திருத்தங்களைப் பின்னால் சேர்க்க வேண்டியதாயிற்று. பெரிய பதிப்பாசிரியருக்கும் இந்தத் தலைவலி உண்டு.

கே: பரணில் கிடைத்த பழைய சன்னது (அரசு தந்த ஆணைப் பத்திரம்) ஒன்று அரபு எழுத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் திப்பு காலத்தது என்கிறார்கள். எப்படிப் படிப்பது?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

ப: முதலில் லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு தாள் சேதமாகாமல் எடுப்பது கஷ்டம். மடிப்பு முறுகியிருந்தால் இழுத்து விரிக்க வேண்டாம். ஜன்னல் ஓரம், நேர்வெயில் படாமல் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு நேர் மேலிருந்து படம் எடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், பதிவுக் குறிப்பும் கணக்கும் அங்கேதான் இருக்கும். முத்திரையைத் தனியாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள்.

வாக்கியம் ‘அஸ்த்’ என்று முடிந்தால் பாரசீகம், ‘ஹை’ என்றால் உருது. அரபியா என்று பார்க்க, அரபியில் இல்லாத ப (p), ச (ch), க (g) ஒலிகளுக்கென்று பாரசீகம் சேர்த்த எழுத்துகளைத் தேடலாம். ஆனால் பழைய எழுத்தர்கள் g ஒலிக்காக ‘காஃப்’ (k) எழுத்தின் மேல் போடும் இரண்டாவது கோட்டை விட்டுவிடுவார்கள், அதனால் அது இல்லையென்று முடிவுகட்ட முடியாது. ஷிகஸ்தா என்ற உடைந்த கையெழுத்தென்றால் புள்ளி பெரும்பாலும் இருக்காது, பிரிய வேண்டிய எழுத்துகளும் ஒட்டிக்கொள்ளும். அச்சுப் பாரசீகம் படிப்பவரும் அங்கே திணறுவார்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். முத்திரையில் உள்ள வருடம் முத்திரை வெட்டிய வருடம். ஆவணம் பிந்தியதாக இருக்கலாம். திப்பு 1787இல் மௌலூதி என்ற தன் சொந்த ஆண்டுக்கணக்கைக் கொண்டுவந்தார். அதில் எண்ணை வலமிருந்து இடமாக எழுதுவார்கள்: 1215 உங்கள் கண்ணுக்கு 5121 என்று தெரியும். பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) 1792 உடன்படிக்கையில் கம்பெனி கைக்குப் போனது. தேன்கனிக்கோட்டை இருக்கும் ஓசூர்ப் பக்கமோ 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் போனது. ஆகவே உங்கள் பக்கம் திப்பு ஆட்சி தந்த சன்னதில் மௌலூதி தேதி இருந்தால், அது 1787க்கும் 1799க்கும் இடையே எழுதியது.

படங்களோடு சென்னைப் பல்கலைக்கழக அரபு, பாரசீக, உருதுத் துறையை அணுகுங்கள்.

கே: ஜமாபந்தி தமிழா?
– வாசகர், அரூர்

ப: இல்லை. ஜமா அரபு வழி வந்தது, தொகை. பந்தி பாரசீகம், கட்டுதல். தாசில்தார், ரசீது, குமாஸ்தா எல்லாம் பாரசீகம் கொண்டுவந்தவையே. வருவாய்த்துறை ஆண்டான பசலி என்ற சொல்லும் அப்படித்தான். அதை ஆங்கில ஆண்டாக்க, பசலி எண்ணோடு ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்டுங்கள். பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை.