நானூறு படம், ஒரு பெயர்கூட இல்லை

அன்புள்ள ஐயா,

இந்த பிப்ரவரியில் டெல்லி இந்தியா ஆர்ட் ஃபேர் போயிருந்தேன். ஒரே நாளில் சுற்றிவிட்டேன், போனில் நானூறு படம் எடுத்தேன். ஊருக்கு வந்து பார்த்தால் ஹுசைன், ரஸா தவிர ஒரு பெயரும் நினைவில்லை. புதிய ஓவியர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? விலை நியாயம்தானா? கொச்சி பினாலே இதைவிட மேலா?

ர.

அன்புள்ள ர.,

கொச்சியை விடுங்கள். அது பார்க்கிற கண்காட்சி, இது கேலரிகள் ஓவியம் விற்கிற சந்தை. விலையா? புதியவர்களுக்குப் பெரும்பாலும் படத்தின் அளவை வைத்துத்தான் போடுகிறார்கள், பெரிய படம் பெரிய விலை, அவ்வளவுதான்.

ஆனால் நானூறு படம்! எட்டு மணி நேரம் சுற்றினீர்கள் என்றே வைப்போம், படத்துக்கு எழுபத்திரண்டு விநாடி வருகிறது. நடந்தது, டீ குடித்தது எல்லாம் அதில் அடக்கம். கல்யாணப் பந்தியில்கூட இலைக்கு இதைவிட அதிக நேரம் கொடுப்போம். நீங்கள் பார்க்கவே இல்லை, உங்கள் போன் பார்த்தது.

2008இல் பிரகதி மைதானில் வேறு பெயரில் தொடங்கிய சந்தை இது, 2012இல் ஓக்லாவுக்கு மாறியது. இருப்பதே நாலு நாள். அதற்குள் கேலரிக்காரர் இட வாடகை, லாரி, காப்பீடு எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். அதனால் பெயர் உள்ளவர் எதிர்ச்சுவரில், புதியவர் பக்கச் சுவரில், ரொம்பப் புதியவர் பின்னாலிருக்கும் சாமான் அறையில். ‘உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள் ஐயா, கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

எனக்கு அது வாய்த்தது தற்செயல்தான், கேட்காமலே. சில வருடம் முன்பு, கால் வலி தாங்காமல் ஒரு ஸ்டாலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே நின்ற பெண் பொழுது போகாமல் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவந்து பபிள் ராப்பைப் பிரித்தார். பழைய பேரேட்டுத் தாளில் மையால் வரைந்த தராசுக்காரர். சட்டை இருக்க வேண்டிய இடத்தில் கோடே இல்லை. யாரோ எப்போதோ எழுதிய பற்றுவரவு எண்கள்தான் சட்டை. பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன், தராசின் ஒரு தட்டு தாளுக்கு வெளியே போய்விட்டிருந்தது.

என் ஒரு மாதச் சம்பளம் சொன்னார். யோசித்துவிட்டு மறுநாள் போனேன், விற்றிருந்தது. பெயர்? அதை நானும் எழுதிக்கொள்ளவில்லை.