மார்ச்சில் யூரியா போட்டும் ஆப்பிள் மரத்தின் முதல் இலைகள் வெளிறிச் சிறுத்து வருவது ஏன்?

மார்ச்சில் போட்ட யூரியா அந்த இலைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆப்பிள் மரம் மொட்டு விடுவதும் பூப்பதும் பெரும்பாலும் போன வருடம் இலை உதிர்வதற்கு முன் சேர்த்துவைத்த தழைச்சத்தில்தான் (நைட்ரஜனில்தான்). மார்ச்சில் மண் குளிர்ந்து கிடக்கும். நீரை மேலே இழுக்க மரத்தில் இலையும் இருக்காது. நைட்ரஜன்-15 என்ற, தனியாக அடையாளம் காணக்கூடிய நைட்ரஜன் வகையை உரத்தில் கலந்து பின்தொடர்ந்த ஆய்வுகளில், மொட்டு விரிந்து சில வாரங்கள் கழித்தே வேர் வழியாகப் புதுத் தழைச்சத்து கணிசமாக ஏறுவது தெரிந்தது. அதற்குள் பனி உருகிய நீரும் மழையும், யூரியா மண்ணில் மாறி உண்டாகும் நைட்ரேட்டில் ஒரு பங்கை வேருக்குக் கீழே கொண்டுபோய்விடும்.

இலையிலுள்ள புரதங்களில் அதிகம் இருப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. பகல் குறைந்து குளிர் கூடும்போது மரம் அதை அமினோ அமிலங்களாக உடைத்து, உள்பட்டை வழியே கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் இறக்குகிறது. நோயில்லாத இலை, விழுவதற்குள் தன் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பட்டையில் அது சேமிப்புப் புரதமாகவும் அர்ஜினின் என்ற அமினோ அமிலமாகவும் தங்கும். அர்ஜினினில் 6 கார்பனுக்கு 4 நைட்ரஜன் இருப்பதால் சேமித்துவைக்கத் தோதானது. மொட்டு விரியும் சமயத்தில் இவை பெரும்பாலும் அஸ்பராஜின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாறி மரச்சாற்றோடு மேலே ஏறுகின்றன.

ஆகவே உர மூட்டையைப் பார்ப்பதற்கு முன், போன வருடம் இலை எப்போது விழுந்தது என்று பாருங்கள். ஹிமாசல், காஷ்மீர், உத்தராகண்ட் தோட்டங்களில் மழைக்காலத்தில் மார்சோனினா இலைப்புள்ளி நோய் முற்றினால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மரம் மொட்டையாகிவிடும். அப்படி விழும் இலை சத்தை இறக்கி முடிக்காமலே மண்ணுக்குப் போகிறது. இதற்கு மருந்து மறுவருட யூரியா அல்ல, ஜூன், ஜூலையில் நேரத்தோடு அடிக்கும் பூஞ்சணக்கொல்லிதான். இலையைக் கடைசிவரை மரத்தில் நிறுத்துவதைவிட முக்கியமான உர வேலை எதுவும் இல்லை என்பேன்.

இலை பச்சையாக நிற்கிறது, ஆனால் மரம் சத்துக் குறைவாக இருக்கிறது என்றால், அறுவடை முடிந்த பிறகு 3 சதவீத யூரியா தெளிக்கலாம். 200 லிட்டர் டிரம்முக்கு 6 கிலோ. யூரியா கரையும்போது தண்ணீர் சில்லிட்டுப்போகும், அதனால் கடைசிக் குருணை கரையச் சுணங்கும். வாளியில் தனியாகக் கரைத்துத் துணியில் வடிகட்டி டிரம்மில் ஊற்றுங்கள்; இல்லாவிட்டால் நாசில் அடைக்கும். இலையின் அடிப்பக்கம்தான் நன்றாக உறிஞ்சும், கீழிருந்து மேலாக நனையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். அடுத்த இரண்டு நாள் மழை இல்லாமல் இருக்க வேண்டும். போர்டோ கலவையை (தாமிர சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சணக்கொல்லி) இதோடு சேர்க்காதீர்கள். தாமிரம் இலையைச் சீக்கிரம் உதிர்க்கும், அதை இலை விழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் தவறினால் பலன் தலைகீழாகும். பழம் மரத்தில் இருக்கும்போது அடித்தால் நிறம் ஏறாது, கிடங்கிலும் தாங்காது. தளிர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போது அடித்தால் கிளை முற்றாமல் உறைபனியில் கருகும். இலை மஞ்சளான பிறகு அடித்தால் பட்டைக்கு எதுவும் இறங்காது. ஸ்கேப் என்ற பூஞ்சண நோய்க்காக இலை உதிரும் தறுவாயில் அடிக்கும் 5 சதவீத யூரியா (200 லிட்டருக்கு 10 கிலோ) வேறு விஷயம்: உதிர்ந்த இலை சீக்கிரம் மக்கி, பூஞ்சணம் அடுத்த பருவத்துக்குத் தப்பிப் பிழைக்காமல் இருக்கத்தான் அது. அதையே பச்சை இலையில் முன்கூட்டி அடித்தால் இலை கருகி, சேமிப்பு பாதியில் நிற்கும்.

அறுவடைக்குப் பிறகு அடிக்கும் அந்த 3 சதவீதத் தெளிப்பு எல்லா மரத்துக்கும் தேவையில்லை. ஜூலை, ஆகஸ்டில் அந்த வருடக் கிளையின் நடு இலைகளைப் பரிசோதிக்கக் கொடுங்கள். தழைச்சத்து 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் தெளியுங்கள், 2.5-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

மண்ணுக்கான அளவாக ஹிமாசலில் சொல்வது, 10 வயது தாண்டிய மரத்துக்கு 700 கிராம் தழைச்சத்து, அதாவது சுமார் ஒன்றரைக் கிலோ யூரியா. பூப்பதற்கு முன் பாதி, பிறகு பாதி என்று பிரிப்பார்கள். நான் பூவிதழ் உதிர்ந்த பிறகு போடும் பங்கைத்தான் பெரிதாக வைப்பேன். வேர் அப்போதுதான் வேலை செய்கிறது. குளிர்காலத்தில் கடுமையாகக் கவாத்து செய்த வருடம் மொத்த அளவையும் குறையுங்கள். தண்டிலும் வேரிலும் உள்ள சேமிப்பு மிஞ்சிய சில மொட்டுகளுக்கே போவதால், தளிர் அதுவாகவே வேகமாக ஓடும்.