வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிப் பிறந்த தேதியும் கார்டின் கடைசி நாலு எண்ணும் கேட்கிறார்கள். ஓடிபி (ஒருமுறை மட்டும் பயன்படும் ரகசிய எண்) கேட்கவில்லை. சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். பேசுபவர் உண்மையிலேயே வங்கி ஊழியராக இருந்தாலும் வேண்டாம்.

கேஒய்சி (அடையாள விவரம்) புதுப்பிப்பு, கிரெடிட் கார்டு வரம்பு என்று ஆரம்பித்திருப்பார்கள். நீங்கள் யார் என்று அவர்கள் சரிபார்க்கிறார்கள். அவர்கள் யார் என்று சரிபார்க்க உங்களுக்கு வழி இல்லை. கோளாறு அங்கேதான். இன்று நீங்கள் கொடுத்த பிறந்த தேதியையும் நாலு எண்ணையும் நாளை அழைக்கும் மோசடிக்காரன் உங்களிடமே ஒப்பிப்பான். "இதெல்லாம் தெரிகிறதே, வங்கிதான்" என்று நம்பியதும் ஓடிபி கேட்பான்.

"நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி போனை வைத்துவிடுங்கள். கார்டின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு அழையுங்கள். அவர் தரும் எண்ணும் வேண்டாம், கூகுளில் தேடிக் கிடைக்கும் எண்ணும் வேண்டாம். போலி கஸ்டமர் கேர் எண்கள் அங்கே நிறைய. நீங்களாக அழைத்து, தானியங்கிக் குரல் கேட்கும்போது கார்டு எண்ணை போனில் அழுத்துவது வேறு விஷயம், அது சரி. ஆனால் பின் நம்பர் (PIN), கார்டில் அச்சிட்ட சிவிவி ரகசிய எண், ஓடிபி மூன்றையும் எந்த மனிதரிடமும் வாயால் சொல்லக் கூடாது.

வங்கிகளின் சேவை அழைப்புக்கு 1600 வரிசை, விளம்பர அழைப்புக்கு 140 வரிசை என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "வங்கி" என்றால் அப்போதே சந்தேகப்படுங்கள். 1600 என்று தெரிந்தாலும் ரகசியங்களைச் சொல்லாதீர்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பை 'மெர்ஜ்' செய்யச் (இதோடு இணைக்கச்) சொன்னால் உடனே துண்டியுங்கள். அந்த இரண்டாவது அழைப்பு ஓடிபியைக் குரலில் வாசிக்கும் அழைப்பாக இருக்கலாம்.

ஏற்கெனவே ஓடிபி சொல்லிவிட்டீர்களா? முதலில் வங்கிச் செயலியில் கார்டையும் யுபிஐயையும் முடக்குங்கள். அடுத்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிவது சீக்கிரம் சொன்னால்தான். பிறகு வங்கியில் புகார். புகார் எண்ணும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம், 2017 ஜூலை ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத மோசடி என்றால், பணம் போனதாக வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ரகசியத்தை நீங்களே பகிர்ந்திருந்தால், புகார் செய்யும் நேரம் வரை போனது உங்கள் தலையில், அதற்குப் பிறகு போவது வங்கியின் தலையில். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்.

"ஊழியர் மேல் பழி போடுகிறாய்" என்று சிலர் வருவார்கள். அந்த ஊழியர் தன் கையில் கொடுத்த தாளைத்தான் வாசிக்கிறார், அவர் மேல் குற்றம் இல்லை. தாளை எழுதியவர்கள்தான் மாற வேண்டும். "யாரிடமும் பகிராதீர்கள்" என்று எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு, அவர்களே போன் போட்டு விவரம் கேட்டால் மக்கள் எதை நம்புவது? அந்த எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பென்ஷன்தாரருக்கு அதில் புரிவது ஓடிபியின் இலக்கங்கள் மட்டுமே, அதைத்தான் அவரும் வாசித்துச் சொல்கிறார்.